கணக்கு வைக்காமல் படிப்பது எப்படி

‘இந்த ஆண்டு 50 புத்தகம்’ என்று ஜனவரியில் எழுதி வைப்பவர்கள் முதலில் ஒரு பெருக்கல் போட்டுப் பார்ப்பது நல்லது. புத்தகத்துக்கு 300 பக்கம் என்றால் மொத்தம் 15,000 பக்கம். நாளொன்றுக்கு 41 பக்கம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் பிடித்தால் தினமும் ஒரு மணி இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். காய்ச்சலில் படுத்த நாளும் கல்யாண வீட்டுக்குப் போன நாளும் இதில் அடக்கம். மார்ச் மாதத்துக்குள் கணக்கு பின்தங்கிவிடும். அதன் பிறகுதான் உண்மையான சேதம் தொடங்குகிறது. நெடுநாளாக ஆசைப்பட்ட 900 பக்க நாவல் அலமாரியிலேயே கிடக்க, கை 80 பக்கப் புத்தகங்களைத் தேடிப் போகிறது. எதைப் படிப்பது என்று முடிவு செய்வது இப்போது எண்ணிக்கை, நீங்கள் அல்ல.

வாசிப்பில் நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் விதிகள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் கெடுகின்றன. தொடங்கும்போது உதவியாக இருக்கும். ஒரு கட்டத்தில் எந்தப் புத்தகத்தை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று சொல்லத் தொடங்கும். அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கண்டுபிடிக்க ஒரு தாள் போதும். படிப்பதைப் பற்றி உங்கள் மனதில் ஓடுகிற ‘வேண்டும்’, ‘கூடாது’ வாக்கியங்களை எழுதுங்கள். எடுத்த புத்தகத்தை முடிக்க வேண்டும். முதல் பாகம் படிக்காமல் மூன்றாம் பாகத்தைத் தொடக் கூடாது. படித்ததைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். வார நாவல், மாத நாவல் எல்லாம் வாசிப்பில் சேராது. ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான். பெரும்பாலானவர்களுக்கு ஏழெட்டு தேறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வியைப் போடுங்கள்: போன மாதம் இந்த விதி ஒரு புத்தகத்தை என் கைக்குக் கொண்டுவந்ததா, கையிலிருந்து பிடுங்கியதா? ‘படுக்கப் போகும்போது கைப்பேசி அடுத்த அறையில் இருக்க வேண்டும்’ என்பது புத்தகத்தைக் கொண்டுவரும் விதி, அது இருக்கட்டும். பிடுங்கியவற்றில் ஒன்றை மட்டும் ஒரு மாதத்துக்கு நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறிந்தால், ‘விதியே கூடாது’ என்பது புதிய விதியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் நிறுத்த வேண்டியது பெரும்பாலும் ‘எடுத்ததை முடிக்க வேண்டும்’ என்பதுதான். ஆண்டுக்கணக்காகப் படிப்பே நின்றுபோனவர்களைக் கேட்டால் பலரும் ஏதாவது ஒரு புத்தகத்தின் நடுவில் நிற்பார்கள். அதை முடிக்கவும் மனமில்லை, முடிக்காமல் அடுத்ததை எடுக்கவும் மனமில்லை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கான ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அதில் இரண்டு. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது இன்னொன்று. நூலகர்களுக்காக எழுதப்பட்டவை என்றாலும் வீட்டு அலமாரிக்கும் அப்படியே பொருந்துகின்றன. ஒரு புத்தகம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதற்கான வாசகர் வேறு யாரோ. அதில் புத்தகத்துக்கும் குறைவில்லை, உங்களுக்கும் குறைவில்லை.

ஆனால் விடுவதற்கு முன் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். ஒரே பத்தியை மூன்றாம் முறை படிப்பது, இன்னும் எத்தனை பக்கம் என்று கடைசித் தாளைப் புரட்டுவது, கை தானாகக் கைப்பேசியைத் தேடுவது ஆகியவை சலிப்பின் அறிகுறிகள். சலிப்பு எங்கிருந்து வருகிறது என்பது வேறு விஷயம். பல நேரம் குற்றம் எழுத்தாளர்மேல் இருக்காது.

எழுத்தின் அளவைப் பாருங்கள். தாள் செலவைக் குறைக்க நெருக்கி அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம். நம் எழுத்துகளில் புள்ளியும் சுழியும் கொம்பும் அதிகம் என்பதால், சிறிய எழுத்தில் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றுபோலத் தெரிந்து கண் இருமடங்கு உழைக்கும். பத்து பக்கத்தில் வரும் களைப்பைக் கதையின் களைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அதே நூலின் பெரிய எழுத்துப் பதிப்போ மின்னூலோ கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். மின்னூலில் பிடிஎஃப், ஈபப் இரண்டும் இருந்தால் ஈபப் எடுப்பதே நல்லது. ஈபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு ஏற்ப மடங்கும். பிடிஎஃப்பில் பக்கமே பெரிதாகி, ஒவ்வொரு வரிக்கும் இடவலமாகத் தள்ள வேண்டியிருக்கும். பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால் கைப்பேசியைப் படுக்கை வாட்டில் திருப்பிப் பிடித்தால் ஓரளவு சமாளிக்கலாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிடிக்குமா பிடிக்காதா என்று காசு செலவில்லாமல் பார்க்க அது நல்ல இடம்.

அடுத்து முன்பக்கங்கள். பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, முன்னுரை, இரண்டாம் பதிப்பின் முன்னுரை என்று 30 பக்கம் தாண்டித்தான் பல தமிழ் நாவல்களில் முதல் அத்தியாயம் வரும். சில அணிந்துரைகள் முடிவு உட்பட முழுக் கதையையும் சொல்லிவிடும். இவற்றைத் தாண்டி நேராகக் கதைக்குப் போங்கள். நாவலை முடித்த பிறகு படித்தால் அதே அணிந்துரை உங்களோடு பேசுகிற நண்பரைப் போல் இருக்கும்.

பெயர்க் குழப்பத்தாலும் நல்ல நாவல்கள் கைவிடப்படுகின்றன. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் வெளியிட்ட ரஷ்ய நாவல்கள் இதற்குச் சரியான உதாரணம். ஒரே ஆளை இயற்பெயரோடு தந்தைப் பெயரைச் சேர்த்து ஒருவர் அழைப்பார், குடும்பப் பெயரால் இன்னொருவர் அழைப்பார், வீட்டில் செல்லப் பெயர் வேறு இருக்கும். மூன்று பெயரும் மூன்று ஆட்கள் என்று நினைத்தால் 40ஆம் பக்கத்திலேயே கதை நழுவிவிடும். பக்க அடையாளத்துக்கு வைக்கும் சீட்டிலேயே ‘இவர்தான் அவர்’ என்று ஐந்தாறு பேரை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

வட்டார மொழி நாவல்களில் சிக்கல் வேறு மாதிரி. கரிசலோ நாஞ்சில் நாடோ கொங்கோ, உங்கள் ஊர்ப் பேச்சு இல்லையென்றால் முதல் சில பக்கங்கள் கரடுமுரடாக இருக்கும். சொல்லுக்குச் சொல் நின்று பொருள் தேடினால் கதையின் ஓட்டம் செத்துவிடும். முதல் இரண்டு மூன்று பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புதிதாகத் தெரிகிற பல சொற்கள் காதுக்குப் பழக்கமானவையாக இருக்கும். புரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள். அது முக்கியமான சொல் என்றால் திரும்ப வரும், இரண்டாம் மூன்றாம் முறையில் இடம்பார்த்துப் பொருள் விளங்கிவிடும். கரிசல் நாட்டுச் சொற்களில் மனம் போய்விட்டது என்றால் கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்கு அகராதியே இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாவலைப் படிக்க வேண்டியதில்லை, அகராதியையே தனியாகப் புரட்டிப் படிக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒட்டவில்லையா, விட்டுவிடுங்கள். விடும்போது எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதி உள்ளே செருகுங்கள். ‘பக்கம் 112. மருத்துவமனைக் காட்சிகள் இப்போது தாங்கவில்லை’ என்றோ, ‘பக்கம் 60. ஆட்களே பேசமாட்டேன் என்கிறார்கள்’ என்றோ இருக்கலாம். பிறகு எப்போதாவது அலமாரியைத் துடைக்கும்போது அந்தச் சீட்டு கண்ணில் படும். முதல் காரணம் காலப்போக்கில் மாறக்கூடியது, இரண்டாவது அநேகமாக மாறாது. முதல் வகையை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வகையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். விடுவதற்கு இன்னும் மனம் வராதவர்கள் சில மாதம் கிளை நூலகத்திலிருந்து மட்டும் எடுத்துப் படிக்கலாம். காசு போட்டு வாங்கவில்லை என்பதாலும் திருப்பித் தர ஒரு தேதி இருப்பதாலும், பாதியில் கொடுப்பது அங்கே இயல்பாக வந்துவிடும்.

வரிசை விதியைத் தளர்த்துவது இதைவிட எளிது. குறளை முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கி நாலைந்து அதிகாரத்தோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். 133 அதிகாரத்தில் 109ஆவதிலிருந்து கடைசிவரை காமத்துப்பால். 25 அதிகாரம், 250 குறள், காதலர் பேச்சு. அங்கிருந்து தொடங்கினால் யாரும் தடுக்கப்போவதில்லை. குறுந்தொகை இன்னும் வசதி. நாலு முதல் எட்டு அடிக்குள் முடிகிற பாடல்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் கதைத் தொடர்ச்சி கிடையாது. உரையோடு கூடிய பதிப்பில் முதலில் உரையின் தெளிவுரையைப் படித்து, பிறகு பாடலை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாடலைத் தானாகவே புரிந்துகொண்ட பிறகுதான் உரையைப் பார்க்க வேண்டும் என்பது தேர்வுக்கூடப் பழக்கம். மகிழ்ச்சிக்குப் படிப்பவர்களுக்கு அது தேவையே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். பிடித்த பாட்டையே நாலு நாள் படித்தாலும் சரி.

சிறுகதைத் தொகுப்பிலும் பொருளடக்கத்தில் தலைப்பு இழுக்கிற கதையிலிருந்து தொடங்கலாம். பல பாகம் கொண்ட நாவலை மட்டும் வரிசையாகப் படிப்பதே சுகம், வேகத்தை வேண்டுமானால் தளர்த்திக்கொள்ளலாம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. அதன் முதல் வாசகர்களுக்குக் கதை முடிய மூன்றரை ஆண்டு ஆயிற்று. வாரம் முழுக்க ‘அடுத்து என்ன’ என்று பேசிக்கொண்டே படித்தார்கள். தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனையோ. ஐந்து பாகத்தையும் பத்து நாளில் முடித்தேன் என்பதும் ஒரு வகை இன்பம்தான், ஆனால் அந்த எழுத்து வாரம் ஒருமுறை நிறுத்திப் படிப்பதற்கென்றே கட்டப்பட்டது. அத்தியாய முடிவில் புத்தகத்தை மூடிவிட்டு மறுநாள்வரை காத்திருந்து பாருங்கள்.

தாண்டிப் படிப்பதிலும் தவறில்லை. நீண்ட வருணனையோ போர்க்களமோ வம்ச வரலாறோ களைப்பாக இருந்தால், கண்ணை அடுத்த உரையாடலுக்கோ பத்தி இடைவெளிக்கோ கொண்டுபோங்கள். யார், எங்கே என்பது பிடிபட்டால் அப்படியே தொடரலாம். பிடிபடவில்லை என்றால் இரண்டு பக்கம் மட்டும் பின்னால் வாருங்கள், தாண்டிய இடம் முழுவதையும் மறுபடி தோண்ட வேண்டாம். கவிதைக்கு இந்த முறை உதவாது. துப்பறியும் கதைக்கும் உதவாது, ஏனென்றால் தடயத்தை ஒளித்து வைப்பதே அந்த வருணனைகளில்தான்.

‘இதெல்லாம் இலக்கியமா’ என்ற கூச்சம்தான் தமிழ் வாசகர்களிடம் மிக அதிகமாக உறைந்து கிடக்கும் விதி. பேருந்து நிலையக் கடையில் தொங்குகிற மாத நாவலை அட்டை போட்டு மறைத்துப் படிப்பவர்கள் இன்றும் உண்டு. தீவிரமான நாவல் ஒன்றும் விறுவிறுப்பான ஒன்றும் ஒரே வாரத்தில் கையில் இருப்பது நல்ல ஏற்பாடு. பேருந்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது. இரண்டுமே நாவலாக இருந்து, இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மாதிரி ஊரில் நடந்தால்தான் பாத்திரங்கள் கலந்துபோகும். ஒன்று நாவல், மற்றது கட்டுரையோ பயணநூலோ என்று இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒலிநூல் கேட்பதும் வாசிப்புதான். சமையல், துணி மடிப்பு போன்ற கைவேலைகளோடு கதை நன்றாக ஓடும். கணக்குப் பார்க்கிற வேலையோடு ஓடாது, பத்து நிமிடம் கழித்துப் பின்னால் தள்ளிக் கேட்க வேண்டியிருக்கும்.

படிக்காத அடுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகக் காட்சியில் 10 சதவீதக் கழிவும் கூட்டத்தின் உற்சாகமும் சேர்ந்து பையை நிரப்பிவிடும். ஜூன் மாதம் அதே அடுக்கைப் பார்த்தால் கடன்காரரைப் பார்ப்பதுபோல் இருக்கும். அடுக்கை முடித்துவிட்டுத்தான் அடுத்தது வாங்குவேன் என்று சபதம் செய்யாதீர்கள். அது இன்று மனம் விரும்புகிற புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் விரும்பியதைப் படிக்கச் சொல்கிறது. முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கியதைக் கலைத்து, நாலு புத்தகத்தை மட்டும் அட்டை தெரிய வெளியே வையுங்கள், மற்றவை உள்ளே போகட்டும். வாரம் ஒருமுறை நாலையும் மாற்றுங்கள். நாற்பதைப் பார்த்து மலைக்கிற மனம் நாலில் ஒன்றை எளிதாக எடுக்கும். வாங்கும் இடத்திலேயே பின்னட்டையை விட்டுவிட்டு, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தை நின்றபடியே முழுதாகப் படித்துப் பாருங்கள். பின்னட்டை விற்பதற்காக எழுதியது, எழுத்தாளரின் குரல் உள்ளேதான் இருக்கிறது.

குறிப்பு எழுதுவது, சமூக ஊடகத்தில் பதிவிடுவது இரண்டும் இயல்பாக வந்தால் எழுதுங்கள். படிக்கும்போதே பதிவின் முதல் வரி மனதில் ஓடத் தொடங்கினால் மட்டும் அடுத்த இரண்டு புத்தகங்களை யாரிடமும் சொல்லாமல் படியுங்கள். பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம்.

சில மாதம் எதுவுமே ஓடாமல் நின்றுவிட்டால் புதிய, கனமான, எல்லோரும் புகழ்கிற நூலோடு திரும்ப வர முயலாதீர்கள். முன்பு மிகவும் பிடித்த ஒன்றை எடுத்து, பிடித்த அத்தியாயத்தை மட்டும் திறந்து படியுங்கள். கதை தெரியும் என்பதால் கவனம் சிதறினாலும் நட்டமில்லை. பத்து நிமிடத்தில் நிறுத்தத் தோன்றினால் நிறுத்தலாம். இரண்டு மூன்று நாள் இப்படிப் போன பிறகு, சிறுவர் கதையோ பழைய தொடர்கதையோ பத்துப் பக்கச் சிறுகதையோ, கை எதன்மேல் போகிறதோ அதை எடுங்கள்.