நன்னீர் திருக்கைக்குத் தீனி: வழக்கமாக நடக்கும் தவறுகள்

மோட்டோரோ என்ற நன்னீர் திருக்கையை வாங்கிவந்ததும் பலர் தொட்டியில் கோல்டு ஃபிஷ் குஞ்சுகளை அள்ளிவிடுகிறார்கள். அது துரத்திப் பிடிப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தென் அமெரிக்க ஆறுகளில் இந்த இனத்துத் திருக்கைகள் பெரும்பாலும் அடிமணலைக் கிளறி, நீர்ப்பூச்சிகளின் இளம்புழு, இறால், நண்டு, நத்தை என்று பொறுக்கித் தின்கின்றன. மீன் கிடைத்தால் விடாது, அவ்வளவுதான். பிரேசிலின் ஷிங்கு ஆற்றுக் கறுப்புத் திருக்கைக்கு நத்தையும் நண்டும்தான் முக்கிய உணவு. மோட்டோரோ தாடையைப் பக்கவாட்டில் அசைத்து, பூச்சிகளின் கடினமான ஓட்டையும் மென்றே தின்கிறது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் ஓடு முழுதாக உரித்த இறால்தான் வேண்டும் என்றில்லை. தலையிலுள்ள கூரிய முள்ளை வெட்டிவிட்டு, சிறிய இறாலை ஓட்டோடு போடலாம்.

கோல்டு ஃபிஷில் உள்ள சிக்கல் தயமினேஸ் என்ற நொதி. கெண்டை மீனிலும் அது உண்டு. உணவிலுள்ள பி1 வைட்டமினை அது சிதைத்துவிடும். ஃப்ரீசரில் வைத்தாலும் நொதி அழியாது. இதையே தொடர்ந்து போட்டால் நாளடைவில் நரம்புக் கோளாறு வரும். கடைத்தொட்டியில் நெரிசலாக வளர்ந்த தீனி மீன்களோடு ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும். மீன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தயமினேஸ் இல்லாத திலாப்பியாவைத் துண்டுபோட்டுக் கொடுங்கள்.

மாட்டு இதயம், கோழிக்கறி எல்லாம் வேண்டாம். திருக்கை வேகமாகப் பருக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரும்.

இறால் நல்ல உணவுதான், அதற்காக வருஷம் முழுக்க அது மட்டும் என்றால் சரிவராது. சில இறால்களிலும் தயமினேஸ் இருக்கிறது. மண்புழு, இறால், மீன்துண்டு என்று மாற்றிக் கொடுத்தபடியே, அடியில் மூழ்கும் பெல்லட்டையும் (கடையில் விற்கும் உருண்டைத் தீனி) மெல்லப் பழக்குங்கள். பெல்லட்டில் வைட்டமின் சேர்த்திருப்பதால் மற்ற உணவில் விட்டுப்போனது ஓரளவு ஈடாகும். ஆனால் புதிதாக வந்த திருக்கைக்கு முதல் நாளே பெல்லட் போடாதீர்கள். உயிருள்ள மண்புழுவில் தொடங்கினால் சீக்கிரம் வாய் வைக்கும். பூச்சிமருந்து தெளித்த வயலில் தோண்டிய புழுவும், சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் என்ற சிவப்பு நூல்புழுவும் ஆகாது.

அளவில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பட்டினியும் ஆபத்து, அளவுக்கு மீறிய தீனியும் ஆபத்து. வால் தொடங்கும் இடத்தில் இடுப்புக் குருத்தெலும்பு துருத்தித் தெரிந்தால் தீனி போதவில்லை, அல்லது உள்ளே ஏதோ நோய். குட்டிக்கு ஒரு நாளில் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாகவும், வளர்ந்ததற்கு ஒன்றிரண்டு வேளையும் கொடுப்பது வழக்கம். கடல் திருக்கைகள் யூரியாவை இரத்தத்தில் தேக்கி வைத்துக்கொள்ளும். ஆற்றுக்கு வந்த இந்த இனம் அந்தத் திறனை இழந்துவிட்டது. கழிவு பெரும்பாலும் அமோனியாவாகவே தண்ணீரில் கலக்கிறது. ஆக, கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு பிடியும் தண்ணீரைத்தான் கெடுக்கும். அமோனியா ஏறினால் திருக்கை சாப்பாட்டை நிறுத்திவிடும். வளர்ப்பவர் பதறி இன்னும் ருசியாக, இன்னும் அதிகமாகப் போடுவார், தண்ணீர் மேலும் கெடும். சாப்பிட மறுத்தால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், தீனியை மாற்றுவது அப்புறம். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, அதன் வாய் அடிப்பக்கம் இருக்கிறது. மிதக்கும் பெல்லட் அதற்குப் பெரும்பாலும் எட்டாது. அரோவானா, ஆஸ்கர் போன்ற மீன்கள் கூட இருந்தால் போட்டது தரையைத் தொடுமுன்பே காலியாகிவிடும், திருக்கை தின்றது என்று நாம் நினைத்துக்கொள்வோம். விளக்கை அணைத்த பின், இடுக்கியால் உணவை அதன் முகத்தருகே மணலில் வைத்துவிட்டு, அது மேலே படர்ந்து வாய்க்குள் இழுக்கிறதா என்று நின்று பாருங்கள். கையை உள்ளே விட வேண்டாம், வாலில் நச்சு முள் இருக்கிறது.