டிரேடிங்கில் கடவுள் நம்பிக்கை: எங்கே கைகொடுக்கும், எங்கே கையைச் சுடும்

ஆர்டர் போடும் முன் கண்ணை மூடி ஒரு நொடி கடவுளை நினைப்பவர்கள் பலர். அதில் தவறு எதுவும் இல்லை. நம்பிக்கை டிரேடரின் நடத்தையை ஆளும்வரை, அதாவது எவ்வளவு ஆசைப்படலாம், எதைத் தொடக்கூடாது, தோற்றால் எப்படி எழுவது என்று சொல்லும்வரை, அது நியாயமானதும் பயனுள்ளதும்கூட. விலை எங்கே போகும் என்று அதையே கேட்கத் தொடங்கும்போதுதான் கணக்கு காலியாகிறது. கீழே உள்ள தவறுகள் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டுவதால் வருபவை.

பிரார்த்தனையை விலைக்கணிப்பாக எடுத்துக்கொள்வது

நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கம் ஒருவர் விற்கிறார். ஃபியூச்சர்ஸில் (பின்னொரு தேதிக்கான ஒப்பந்தங்களில்) ஒருவரின் லாபம் அப்படியே இன்னொருவரின் நஷ்டம். கட்டணம் இருவருக்கும் உண்டு. எதிரில் இருப்பவரும் அதே கடவுளை அதே பக்தியோடு வேண்டிக்கொண்டு வந்திருக்கலாம். இருவர் வேண்டுதலும் விலையாகப் பலிக்க வழியில்லை.

இதை நாத்திகர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. இன்ன ஊருக்குப் போய் வியாபாரம் செய்து லாபம் சம்பாதிப்போம் என்று சொல்பவர்களிடம், நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே என்கிறது புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம். நாளை தான் எதைச் சம்பாதிக்கும் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என்கிறது குர்ஆனின் 31ஆம் அத்தியாயம். செயலில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்பது கீதையின் இரண்டாம் அத்தியாயம். விலையை முன்கூட்டியே அறியும் வரத்தை இந்த மூன்று இடங்களும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. அந்த வரம் தனக்கு இருப்பதாக நினைப்பது சொந்த மதத்தின் சொல்லுக்கே பொருந்தாது.

"எனக்கு உள்ளுணர்வாக வருகிறது, அது பலிக்கிறது" என்று உறுதியாக நம்புபவர் அதைச் சோதித்துப் பார்க்கலாம். தோன்றிய உடனே, டிரேடுக்கு முன்பாகவே, தேதி, ஏறுமா இறங்குமா, நுழையும் விலை, வெளியேறும் விலை ஆகிய நான்கையும் எழுதுங்கள். நிஜப் பணம் வேண்டாம், தாளில் போதும். 100 சேரும்வரை எதையும் அழிக்காதீர்கள். நாணயத்தை 100 முறை சுண்டினாலும் 40 முதல் 60 வரை தலை விழுவது சுமார் 96 சதவீத வாய்ப்புள்ள சாதாரண விஷயம். ஆகவே 57 சரியாக வந்தது என்பது எதையும் நிரூபிக்காது. வெற்றி எண்ணிக்கை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும்: 60 முறை ஜெயித்து ஒவ்வொன்றிலும் 1 ரூபாய் லாபம், 40 முறை தோற்று ஒவ்வொன்றிலும் 1.5 ரூபாய் நஷ்டம் என்றால் மொத்தம் பூஜ்யம். கட்டணத்தையும் கழித்தால் நஷ்டம்.

ஸ்டாப் லாஸை எடுத்துவிட்டு வேண்டிக்கொள்வது

அதிகப் பணம் போவது இங்கேதான். ஓர் உதாரணத்தை எண்களோடு பார்ப்போம். மூலதனம் 1,00,000. ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 1,000 மட்டுமே இழக்கலாம் என்பது விதி. பங்கு விலை 200, ஸ்டாப் லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் தானாக விற்றுவிடும் ஆர்டர், 190. இடைவெளி 10. 1,000ஐ 10ஆல் வகுத்தால் 100 பங்குகள். இதுவரை எல்லாம் சரி.

விலை 191க்கு வருகிறது. "இன்னும் கொஞ்சம் பொறு, அவன் கைவிட மாட்டான்" என்று கடவுளை நம்பி டிரேடர் ஸ்டாப்பை 185க்கு இறக்குகிறார். 186 வந்ததும் ஸ்டாப்பையே எடுத்துவிடுகிறார். 180ல் இன்னும் 100 வாங்கி ஆவரேஜ் செய்கிறார். சராசரி விலை 190 ஆகிறது. விலை 150க்குப் போனதும் மனம் உடைந்து விற்கிறார். 200 பங்குகள், ஒவ்வொன்றிலும் 40 நஷ்டம், மொத்தம் 8,000. திட்டமிட்ட 1 சதவீதம் 8 சதவீதமாகிவிட்டது. பொசிஷனை (கையில் உள்ள டிரேடை) எடுத்த முடிவு தவறாக இருந்தாலும் 1,000தான் போயிருக்கும். மீதி 7,000 போனது பிறகு செய்த மாற்றங்களால்.

ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நஷ்டம் தரும் வலி சுமார் இருமடங்கு என்று உளவியலாளர்கள் டானியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கியின் ஆய்வுகள் காட்டின. நஷ்டத்தை ஒப்புக்கொள்ளாமல் தள்ளிப்போட மனம் எப்போதும் ஒரு காரணம் தேடும். நம்பிக்கையுள்ளவருக்கு அந்தக் காரணம் பக்தியின் உடையில் வருகிறது: பொறுமை, சோதனை, சரணாகதி. சொற்கள் புனிதமானவை என்பதால் அவற்றைக் கேள்வி கேட்கவும் மனம் வராது. அதனால்தான் இது வெறும் பேராசையைவிட ஆபத்தானது. பேராசையை நாமே தவறு என்று ஒப்புக்கொள்வோம். பொறுமையை யார் குறை சொல்வார்கள்?

தள்ளிப்போடுவதன் விலையும் நேர்கோட்டில் ஏறுவதில்லை. 10 சதவீதம் இழந்தால் பழைய நிலைக்கு வர 11.1 சதவீத லாபம் போதும். 25 இழந்தால் 33.3 வேண்டும். 50 இழந்தால் 100. 80 இழந்தால் 400. பத்து மடங்கு லெவரேஜில், அதாவது போட்ட பணத்தைப்போல் பத்து மடங்கு மதிப்புக்கு டிரேட் செய்பவருக்கு, விலை 10 சதவீதம் எதிராகப் போனாலே மார்ஜினாகப் போட்ட அந்தப் பணம் முழுவதும் போகும். அதற்கு முன்பே புரோக்கர் பொசிஷனை மூடிவிடலாம். அந்த நிலையில் விலை பிறகு திரும்பி வந்தாலும் உங்களுக்குப் பயனில்லை, ஆட்டத்திலேயே நீங்கள் இல்லை.

ஸ்டாப் போட்டுவிட்டால் முழுப் பாதுகாப்பு என்றும் நம்பிவிடக்கூடாது. 2011 செப்டம்பரிலிருந்து ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற தரைவிலையைக் காத்துவந்த சுவிஸ் தேசிய வங்கி, 2015 ஜனவரி 15 அன்று அதைத் திடீரென்று கைவிட்டது. சில நிமிடங்களில் விலை 1.00க்குக் கீழே போனது. நடுவில் வாங்க ஆளே இல்லாததால் 1.19ல் ஸ்டாப் வைத்தவர்களுக்கும் அதைவிட மிக மோசமான விலையே கிடைத்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று உறுதியாக இருந்தவர்களின் நம்பிக்கை மதம் சார்ந்ததல்ல, ஆனால் தவறு அதேதான். கடைசிக் காவல் பொசிஷனின் அளவு. அதைச் சிறியதாக வைத்திருந்தால் இப்படிப்பட்ட நாளிலும் பிழைக்கலாம்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் திட்டத்தை எழுதுங்கள்: நுழையும் விலை, ஸ்டாப், அளவு, இலக்கு. பிறகு பிரார்த்தனை. பிறகு ஆர்டர், கூடவே சிஸ்டத்திலேயே ஸ்டாப். அதன்பின் எவ்வளவு வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளலாம். ஸ்டாப்பை நஷ்டம் பெருகும் பக்கமாக நகர்த்த மட்டும் அந்த வேண்டுதலுக்கு அனுமதி கிடையாது.

லாபத்தை அருள் என்றும் நஷ்டத்தைத் தண்டனை என்றும் படிப்பது

1948ல் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் பசித்த புறாக்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே உணவு வரும்படி செய்தார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் உணவு வரும். ஆனாலும் பல புறாக்கள் உணவு வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே திரும்பத் திரும்பச் செய்தன: ஒன்று வட்டமடித்தது, இன்னொன்று தலையை ஆட்டியது. சந்தையும் நம் சடங்கைப் பாராமல்தான் பரிசு தருகிறது. அன்றைக்குச் செய்த சடங்கால்தான் லாபம் வந்தது என்று ஒருமுறை பதிந்துவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடும் வேலை நின்றுபோகும்.

தொடர் நஷ்டத்தைத் தெய்வக் குற்றமாக எடுத்துக்கொள்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். சரிபாதி ஜெயிக்கும் முறையில்கூட, 100 டிரேடுகளுக்குள் தொடர்ந்து 5 நஷ்டம் ஒருமுறையாவது வர சுமார் 81 சதவீத வாய்ப்பு உண்டு. தொடர்ந்து 6 வர சுமார் 55 சதவீதம். யாரும் உங்களைத் தண்டிக்கவில்லை; எண்கள் அப்படித்தான் விழும். ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் வைத்தவர் அந்த ஆறில் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இழப்பார். 10 சதவீதம் வைத்தவர் சுமார் 47 சதவீதம் இழப்பார். "இத்தனை முறை சோதித்தவன் இந்த முறை தருவான்" என்று இரட்டிப்பவரோ, 1ல் தொடங்கி ஆறு முறை தோற்றால் 63 இழந்திருப்பார். ஏழாவதுக்கு 64 வைக்க வேண்டும், அதுவும் ஜெயித்தால் மொத்த லாபம் 1.

ஜர்னலில் முடிவையும் விளைவையும் தனித்தனியாக எழுதுங்கள். "விதிப்படி செய்தேனா? ஆம்/இல்லை" என்று ஒரு பத்தி, லாப நஷ்டம் இன்னொரு பத்தி. விதியை மீறி வந்த லாபத்தைச் சிவப்பில் குறியுங்கள். அடுத்த பெரிய நஷ்டத்துக்கு விதை அதுதான்.

பயன் உண்மையில் எங்கே

பயன் இல்லை என்று சொல்வதும் தவறு. ஆர்டருக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் அமைதியாக இருப்பது, விலை ஓடுகிறதே என்று பதறி உள்ளே பாய்வதைத் தடுக்கும். தன் மதிப்பு இன்றைய லாப நஷ்டத்தில் இல்லை என்று உண்மையிலேயே நம்புபவர், ஸ்டாப் அடித்த பிறகு நஷ்டத்தை உடனே மீட்கப் பழிவாங்கும் டிரேடுக்கு இறங்குவது குறைவு. உள் தகவலை வைத்து வாங்க மறுப்பதற்கும், வாடிக்கையாளரிடம் பொய் சொல்லாமல் இருப்பதற்கும் பயம் மட்டும் போதாத நேரத்தில் பக்தி துணை நிற்கும். ஆனால் மன அமைதி தானாக லாபம் தராது. சராசரியாக நஷ்டமே தரும் ஒரு முறையை எவ்வளவு அமைதியாகப் பின்பற்றினாலும் பணம் குறைந்துகொண்டேதான் போகும்.

கோள், எண், நேரம்

1955ல் மறைந்த அமெரிக்க டிரேடர் டபிள்யூ.டி. கேன் கோள்களின் கோணங்களையும் பைபிளையும் சந்தையோடு இணைத்துப் பார்த்தவர். இன்றும் அவர் வழியில் போகிறவர்கள் உண்டு. சிக்கல் எளிமையானது. எந்தப் பயனும் இல்லாத 20 விதிகளை 5 சதவீத அளவுகோலில் (பயனற்ற விதியும் நூற்றுக்கு 5 முறை தற்செயலாகத் தேறும் அளவுகோல்) சோதித்தால், ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிட சுமார் 64 சதவீத வாய்ப்பு. கோள்களையும் கோணங்களையும் சேர்த்தால் சோதிக்க ஆயிரக்கணக்கான விதிகள் கிடைக்கும். பழைய சார்ட்டில் பொருந்துவது அதனால்தான். நல்ல நேரம் பார்த்தே தீருவேன் என்பவர் கணக்கு தொடங்கும் நாளுக்குப் பார்க்கட்டும். வெளியேறும் நேரத்துக்கு ஒருபோதும் வேண்டாம். குறித்த நேரம் சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் விழுந்தால், அப்போது ஸ்ப்ரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) பெரும்பாலும் அகலமாக இருக்கும். கிடைத்த விலைக்கு நடக்கும் மார்க்கெட் ஆர்டருக்குப் பதில், விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள்.

வேண்டுதலை இலக்காக்குவது

"இந்த மாதம் இவ்வளவு வந்தால் இவ்வளவு காணிக்கை" என்பது கேட்க நன்றாக இருக்கும். மாதக் கடைசியில் அது இலக்காக மாறி, அளவை ஏற்றச் சொல்லும். மூடாத பொசிஷனின் லாபத்திலிருந்து கொடுப்பது இன்னும் மோசம். ஆண்டு முடிந்து, நஷ்டமும் கட்டணமும் வரியும் கழித்த பிறகு நிற்கும் தொகையில் கொடுங்கள்.

மத வரம்புக்குச் சந்தை கூலி தரும் என எதிர்பார்ப்பது

மதுவும் புகையிலையும் வேண்டாம் என்ற தேவாலயங்களும், வட்டி கூடாது என்ற இஸ்லாமிய நிதிமுறையும் எந்தப் பங்கைத் தொடலாம் என்பதற்கு வரம்பு வைக்கின்றன. ஏஏஓஐஎஃப்ஐ என்ற இஸ்லாமிய நிதித் தரநிர்ணய அமைப்பின் விதியில், நிறுவனத்தின் வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது; அனுமதியற்ற வருமானம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அந்த வருமானப் பகுதியைத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும். இப்படி விலக்குவது முழுக்க நியாயமான முடிவு. ஆனால் விலக்கிய பங்குகள் அதிக லாபம் தரலாம். அமெரிக்கச் சந்தையில் மது, புகையிலை, சூதாட்டப் பங்குகள் கடந்த காலத்தில் அப்படித் தந்ததை 2009ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த வித்தியாசத்தைக் கொள்கையின் செலவாக ஏற்றுக்கொள்ளுங்கள், அதை ஈடுகட்ட வேறு இடத்தில் லெவரேஜ் ஏற்றாதீர்கள். பொசிஷனை இரவு தாண்டி வைத்தாலும் வட்டியில்லாத ஸ்வாப் ஃப்ரீ கணக்கு எடுப்பவர்கள் வேறு பெயரில் நிர்வாகக் கட்டணம் இருக்கிறதா, எத்தனையாவது நாளிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். ஓய்வுநாளில் திரையைப் பார்க்காதவர்கள், பார்க்க முடியாத நேரத்தில் விலை தாவினாலும் தாங்கும் அளவுக்கு முன்னரே பொசிஷனைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கூட வழிபடுகிறவர் என்பதால் பணத்தை ஒப்படைப்பது

மோசடியில் சிக்கி 1999ல் திவாலான, அமெரிக்காவின் அரிசோனா பாப்டிஸ்ட் அறக்கட்டளையில் 10,000க்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டிருந்தார்கள். சபை வழியாக வந்த நம்பிக்கையே அதற்கு முதலீடு சேர்த்தது. 2008 டிசம்பரில் முதலீட்டு மோசடிக்காகக் கைதான பெர்னார்ட் மேடாஃபும் தன் யூத சமூகத்தின் தொண்டு அமைப்புகளின் பணத்தை வைத்திருந்தார். நம்பிக்கையாளர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தயங்குவார்கள் என்பதே இத்தகைய மோசடியின் மூலதனம்.

உங்கள் சபையிலோ சங்கத்திலோ ஒருவர் டிரேட் செய்து தருகிறேன் என்றால் நான்கு கேள்விகள். கட்டுப்பாட்டு அமைப்பில் எந்தப் பெயரில் பதிவு? அதை அமைப்பின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பணமும் பங்குகளும் யார் பெயரிலான கணக்கில் இருக்கின்றன? கணக்கைத் தணிக்கை செய்பவர் யார், அவருக்கு நீங்கள் நேரடியாக எழுதலாமா? நஷ்டமான மாதங்களைக் காட்ட முடியுமா? மாதாமாதம் ஒரே மாதிரி லாபம் என்பது சந்தையில் நடக்காத ஒன்று. பதில்கள் சரியாக இருந்தாலும் சிறு தொகை போட்டு, சில வாரங்களில் முழுவதையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். அப்படி எடுத்தது ஆரம்பச் சோதனை மட்டுமே. மோசடிக்காரர்களும் முதலில் ஒழுங்காகக் கொடுப்பார்கள். அதனால் பணம் உங்கள் பெயரிலான புரோக்கர் கணக்கை விட்டு வெளியே போகாத ஏற்பாட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டதற்கே "நம்பிக்கை இல்லையா?" என்று வருத்தப்பட்டால், பணத்தைக் கொடுக்காதீர்கள்.