மனையா, பங்கா, ரொக்கமா: சூடான சந்தையில் செய்யும் தவறுகள்

பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம் பார்க்காமல் இடம் வாங்காதீர்கள் என்று ஊரே சொல்லிவிட்டது. அதை விடுகிறேன். சேலத்தில் வருமான வரிக் கணக்கு எழுதுகிறவன் நான். விலை கொதிக்கும் நேரத்தில் புதிதாக வருகிறவர்கள் எங்கள் தலைமுறை போட்ட அதே தப்புக் கணக்கைத் திரும்பப் போடுகிறார்கள்.

சொன்ன விலையை வந்த பணமாக எண்ணுவது

இந்த ஒன்றில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

"எடம் எறங்கவே எறங்காதுங்ணா. ஓமலூர் பக்கம் பத்து வருசத்துல டபுள்" என்றார் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர். கொலுசில் சேதாரத்தைக் கிராம் கிராமாகக் கணக்கு வைக்கிறவர், மனையில் மட்டும் எதையும் கழிக்கவில்லை. நான் கழித்துக் காட்டினேன்.

மனை 20 லட்சம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 1.8 லட்சம். தரகு 2 சதவீதம் என்று வைத்தால், கையை விட்டுப் போனது 22.2 லட்சம். பத்து வருடத்தில் அவர் சொன்னபடியே 40 லட்சத்துக்குப் போனால், தரகு போக 39.2. லாபம் 17 லட்சத்துக்கு இன்றைய விகிதத்தில் 12.5 சதவீத வரி. மிஞ்சுவது 37 லட்சம் சொச்சம். வருடத்துக்கு ஐந்தேகால் சதவீதம்கூடச் சரியாக வரவில்லை என்று சொல்லலாம், ஏனென்றால் முள் வெட்டிய கூலியும் காலிமனை வரியும் இதில் இல்லை. 7 சதவீத டெபாசிட்டில் போட்டு, வட்டிக்கு 20 சதவீத வரி கட்டினாலும் 5.6 வந்திருக்கும்.

அப்புறம் அந்த 'எறங்காது'. 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, அதாவது பங்குச் சந்தையின் குறியீட்டு எண், மார்ச் 23 அன்று 7,610. திரையில் பார்த்ததால் வயிறு கலங்கியது. அன்றைக்கு மனையை விற்கப் போயிருந்தால் என்ன விலை வந்திருக்கும்? யாரும் போகவில்லை. அதனால் இறங்கவில்லை என்று நம்பிக்கொண்டோம்.

வராத சாலைக்கு விலை கொடுப்பது

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை 2018-இல் பேச்சுக்கு வந்தது. 2019-இல் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சாலையைத்தான் காணோம்.

ஏற்காட்டில் 'வியூ' பார்த்து அட்வான்ஸ் கொடுப்பது

மலையிடப் பாதுகாப்பு விதிகள் அங்கே உண்டு. கட்ட அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பனியை ரசியுங்கள்.

கடன் வாங்கிப் பங்கு வாங்குவது

வேண்டாம்.

ரொக்கத்தைத் தூங்கும் பணம் என்பது

பங்கை விற்றால் அடுத்த வேலை நாளில் பணம் வந்து கணக்குத் தீர்கிறது. மனைக்கு ஆள் கிடைக்கவே மாதங்கள் ஆகும். ஆஸ்பத்திரிச் செலவுக்காக அவசரமாக மனையை விற்றவர்களின் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன்; அந்தப் பத்திரங்களில் வாங்கியவர் பக்கம் இருப்பது பெரும்பாலும் ரொக்கம் வைத்துக் காத்திருந்த ஆள். ஆனால் ரொக்கம் என்று மொத்தத்தையும் ஒரே வங்கியில் போடாதீர்கள். வங்கி திவாலானால் கைகொடுக்கும் டெபாசிட் காப்பீடு, ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான்.