பாடி கேமராவுக்கு விதிமுறை எழுதுவது எப்படி?

போக்குவரத்து போலீசாரின் சட்டையில் சின்னதாக ஒரு கேமராவைச் சென்னையில் பார்த்திருப்பீர்கள். அதை வாங்க ஒரு டெண்டர் போதும். பதிவானதை யார், எப்போது அழிக்கலாம் என்று எழுதிவைப்பதுதான் பெரிய வேலை. 2020 சாத்தான்குளம் காவல் மரண வழக்கில், ஸ்டேஷனில் சிசிடிவி இருந்தது, ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் இருந்ததாக, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார்.

ஆணையரகத்துக்கு மனுவோடு ஒரு வரைவும் கொடுக்க நினைக்கும் நலச்சங்கத்தினரும் சட்ட மாணவர்களும் இந்த வரிசையில் போகலாம்.

படி 1: எப்போது ஆன்?

'தேவைப்படும்போது' என்று எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் கழன்றுவிடும். 'வண்டியை நிறுத்தக் கை காட்டும் முன்பே' என்று எழுதுங்கள். அபராதம், கைது, போராட்டக் கூட்டம் எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள். சோதனையையும் பறிமுதலையும் ஆடியோ, வீடியோவாகப் பதிவுசெய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவே சொல்கிறது.

படி 2: எப்போது ஆஃப்?

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், குழந்தைகள், ஆஸ்பத்திரி வார்டு, தகவல் சொல்ல வருபவர். நிறுத்தும் முன் காரணத்தைக் கேமராவிலேயே சொல்ல வேண்டும். 'சார்ஜ் இல்லை' என்ற சாக்கு வராதிருக்க, டியூட்டி தொடங்கும்போதே பேட்டரி அளவைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

படி 3: எத்தனை நாள்?

இங்கேதான் பலரும் 30 நாள் என்று போட்டுவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். ஆர்.டி.ஐ. மனுவுக்குப் பதில் தரவே 30 நாள். முதல் மேல்முறையீடு செய்ய இன்னொரு 30, அதை முடிக்க 45 வரை. ஆக 105 நாள். மனித உரிமை ஆணையத்தில் சம்பவம் நடந்து ஓராண்டு வரை புகார் செய்யலாம். ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. அது பாடி கேமராவுக்காகச் சொன்னதல்ல. ஆனாலும் அதே அளவைக் கேட்பதில் தப்பில்லை. புகார், வழக்கு, காயம் என்றால் முடியும்வரை அழிக்கவே கூடாது.

படி 4: யார் கையில்?

கேமரா அணிந்தவருக்கு அழிக்கும் அனுமதி வேண்டாம். யார் திறந்தாலும் பெயரும் நேரமும் தானாகப் பதிவாகட்டும். பதிவைக் கேமராவிலிருந்து இறக்கியவுடனே அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பில் கை வைத்தால் காட்டிக்கொடுக்கும் டிஜிட்டல் கைரேகையை, குறித்துவையுங்கள். புதிய சாட்சிய சட்டம் (பி.எஸ்.ஏ.) 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு தரும் சான்றிதழில் அதைக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் துறை நடவடிக்கை என்பதையும் சேருங்கள்.

படி 5: ரிப்போர்ட் முன்னா, வீடியோ முன்னா?

பலப்பிரயோகம் நடந்திருந்தால் எஸ்.ஐ. முதலில் நினைவிலிருந்து எழுதட்டும், பிறகு பார்க்கட்டும். இதில் போலீஸ் தரப்பு ஒப்பாது. என் கட்சி இதுதான்.

படி 6: மக்கள் கேட்டால்?

தேதி, நேரம், இடம் அல்லது சலான் எண் போதும் என்று வையுங்கள். மனு வந்த அன்றே அந்தப் பதிவு அழியாமல் பூட்டப்பட வேண்டும்; கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவெல்லாம் அதற்குப் பிறகு. கொடுத்தால், வழியில் போன மற்றவர்களின் முகத்தை மறைத்துக் கொடுக்கட்டும்.