சர்க்கரை நோயுள்ள பூனை திடீரென்று சாப்பிடாவிட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊசி போடும் நேரம் வந்துவிட்டது, கிண்ணத்தில் வைத்த உணவு அப்படியே இருக்கிறது. சர்க்கரை நோயுள்ள பூனையை வளர்ப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் இந்த நிலைமைக்கு வந்துவிடுவார்கள். இன்சுலின் போடுவதா வேண்டாமா என்பதுதான் மனதில் முதலில் வரும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பலர் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். பூனை ஏன் சாப்பிடவில்லை என்பதற்கு அன்றைக்கே பதில் தேட வேண்டும். கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தத் தேடலைத் தள்ளிப்போடுவதால் வருபவை.

"அடம் பிடிக்கிறது" என்று விட்டுவிடுவது

பூனை என்றாலே சாப்பாட்டில் அடம் பிடிக்கும் என்று நமக்கெல்லாம் ஒரு எண்ணம் உண்டு. சர்க்கரை நோயுள்ள பூனை விஷயத்தில் அந்த எண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத பூனைக்குப் பசி வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு மறுபடி வந்து நிற்கும். அப்படிப்பட்ட பூனை திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், உடம்புக்குள் வேறு ஏதோ நடக்கிறது. கணைய அழற்சி இந்தப் பூனைகளுக்கு அடிக்கடி சேர்ந்தே வருகிறது. சிறுநீர்த் தொற்று, பல் அல்லது ஈறு வலி, சிறுநீரகக் கோளாறு, மலச்சிக்கல், மூக்கடைத்து உணவின் வாசனை தெரியாமல் போவது, ரத்தத்தில் கீட்டோன் (உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது உருவாகும் அமிலப் பொருள்) ஏறியிருப்பது என்று காரணங்கள் நிறைய இருக்கின்றன.

சிகிச்சை பலன் தரத் தொடங்கியதும் அந்த அகோரப் பசி அடங்குவது உண்டு, அது நல்ல அறிகுறிதான். ஆனால் அது மெதுவாக, வாரக்கணக்கில் நடக்கும். பூனையும் தெளிவாக, சுறுசுறுப்பாக இருக்கும். நேற்று வரை ஆவலாகச் சாப்பிட்ட பூனை இன்று முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தால், அது இந்தக் கணக்கில் சேராது. வீட்டில் இன்னொரு பூனையும் இருந்தால், கிண்ணம் காலியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். யார் சாப்பிட்டது என்று கண்ணால் பார்த்தால்தான் நிச்சயம்.

வழக்கம்போல முழு அளவு இன்சுலின் போடுவது

உணவிலிருந்து சர்க்கரை வராத நேரத்திலும் இன்சுலின் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். ரத்தச் சர்க்கரை சரிந்து, டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்து. தள்ளாட்டம், சோர்வு, நடுக்கம், விழித்த பார்வை எல்லாம் அடையாளங்கள். சில பூனைகளுக்குத் திடீர்ப் பசியும் வரும். அதையும் தாண்டினால் வலிப்பு, மயக்கம், மரணம். ஊசி போட்ட பிறகுதான் சாப்பிடவில்லை என்பதைக் கவனிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் முதலில் உணவு, பூனை சாப்பிட்டதைப் பார்த்த பிறகு ஊசி என்ற வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள்.

பாதி சாப்பிட்டால்? பல மருத்துவர்கள் அளவைக் குறைத்துப் போடச் சொல்வார்கள். எவ்வளவு குறைப்பது என்பது இன்சுலின் வகையையும் அப்போதைய சர்க்கரை அளவையும் பொறுத்தது, அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பூனை எதுவுமே சாப்பிடவில்லை, சர்க்கரையை அளக்க வழியில்லை, மருத்துவரும் கிடைக்கவில்லை என்றால் அந்த ஒரு வேளை ஊசியைத் தவிர்ப்பது முழு அளவு போடுவதைவிடப் பாதுகாப்பானது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும், பாதி மருந்து ரோமத்தில் சிந்திவிட்டது போலத் தெரிந்தாலும், மறுபடி ஊசி போடாதீர்கள்.

சர்க்கரை சரிந்ததற்கான அடையாளம் தெரிந்தால் தேன், குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பாகை ஒரு டீஸ்பூன் அளவுக்கு எடுத்து ஈறில் தடவுங்கள். செயற்கை இனிப்பு சேர்த்த பாகு சர்க்கரையை ஏற்றாது. மயக்கத்திலோ வலிப்பிலோ இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். பற்களுக்கு நடுவே விரலையும் விடாதீர்கள். கொஞ்சம் தெளிந்ததும் "சரி, ஆபத்து போய்விட்டது" என்று உட்கார்ந்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு. பாகின் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். தெளிந்தாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

பயந்துபோய் இன்சுலினை அடியோடு நிறுத்திவிடுவது

சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு மூன்று நாள் ஊசியே போடாமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் அது பூனை மேல் இருக்கும் அக்கறையில் செய்வது. ஆனால் இது முந்தைய தவறு அளவுக்கே உயிரைப் பறிக்கக்கூடியது. இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை செல்களுக்குள் நுழையாது. பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும், அதில் கீட்டோன்கள் உருவாகி ரத்தத்தை அமிலமாக்கும். வாந்தி, கடும் சோர்வு, நீரிழப்பு, வேகமான மூச்சு எல்லாம் அடுத்தடுத்து வரும். சாப்பிடாமல் இருப்பது கீட்டோனை ஏற்றும், ஏறிய கீட்டோன் குமட்டலைத் தந்து பசியை மேலும் கெடுக்கும். இந்தச் சுழலை வீட்டிலிருந்தபடி உடைக்க முடியாது.

அதனால் கீட்டோன் பட்டைகளை வீட்டில் வாங்கி வையுங்கள். பூனையின் சிறுநீரில் நனைத்து நிறத்தைப் பார்த்தால் போதும். மூச்சில் நெயில் பாலிஷ் நீக்கியின் வாடை வரும் என்று சொல்வார்கள், ஆனால் எல்லோர் மூக்குக்கும் அது தெரியாது. வாடை இல்லை என்பதை வைத்துக் கீட்டோன் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பட்டையில் கீட்டோன் தெரிந்து, பூனையும் சாப்பிடாமல் இருந்தால் இரவோ பகலோ உடனே கிளம்ப வேண்டும்.

இன்சுலினுக்குப் பதில் வாய்வழி மருந்து எடுக்கும் பூனைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பெக்ஸாக்ளிஃப்ளோசின் 2022 டிசம்பரிலும் வெலாக்ளிஃப்ளோசின் 2023 ஆகஸ்ட்டிலும் அமெரிக்காவில் பூனைகளுக்கு அனுமதி பெற்றன. இரண்டும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகள். இவற்றை எடுக்கும் பூனைக்கு மீட்டரில் சர்க்கரை சரியாகவே காட்டும், அதே நேரத்தில் கீட்டோன் அபாய அளவில் இருக்கலாம். "எண் நன்றாகத்தானே இருக்கிறது" என்று காத்திருந்தால் பூனையை இழந்துவிடக்கூடும். இந்த மருந்து எடுக்கும் பூனை சாப்பிட மறுத்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் நேராக மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மீட்டர் எண்ணை அப்படியே நம்புவது

காதோரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்து வீட்டிலேயே அளப்பது மிக நல்ல பழக்கம். ஆனால் மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அதனால் எந்த மீட்டர் என்பதையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். பயந்த பூனையின் சர்க்கரை, மன அழுத்தத்தால் மட்டுமே 300க்கு மேல்கூடப் போகும். அந்த எண்ணைப் பார்த்துக் கூடுதல் இன்சுலின் போட்டுவிடாதீர்கள்.

சிரிஞ்சையும் ஒருமுறை பாருங்கள். யு-100 (மில்லிலிட்டருக்கு 100 யூனிட்) இன்சுலினை யு-40 (மில்லிலிட்டருக்கு 40 யூனிட்) இன்சுலினுக்கான சிரிஞ்சில் எடுத்தால், காட்டும் அளவைப்போல இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். பழைய சிரிஞ்ச் தீர்ந்து புதிதாக வாங்கிய நாளில் இந்தக் குழப்பம் எளிதில் வரும்.

நாளை பார்க்கலாம் என்று காத்திருப்பது

நாய்க்கோ மனிதருக்கோ இரண்டு நாள் பட்டினி பெரிய கேடு செய்யாமல் போகலாம். பூனையின் கல்லீரல் அப்படித் தாங்காது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே, அதிலும் குண்டான பூனை என்றால், உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிய ஆரம்பிக்கும். காதின் உள்பக்கம், ஈறு, கண்ணின் வெள்ளை எல்லாம் மஞ்சளாகும். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் வாரக்கணக்கில் குழாய் வழியே உணவு கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வேளை தவறினாலே மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் நேரில் காட்டியே ஆக வேண்டும். வாந்தியோ சோர்வோ தள்ளாட்டமோ இருந்தால் அந்த ஒரு நாளுக்கும் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிப்பதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள், சர்க்கரை ஏறினாலும் தாகம் எடுக்கும்.

வாயைத் திறந்து திணிப்பது

குமட்டும் பூனை உதட்டை நக்கும், அடிக்கடி விழுங்கும், எச்சில் ஒழுகும், உணவைப் பார்த்ததும் தலையைத் திருப்பும். அந்த நேரத்தில் வலுக்கட்டாயமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் போகலாம். அதோடு, அந்த உணவையே பூனை வெறுத்துவிடும். குணமான பிறகும் தொடாது. உணவை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, கொஞ்சமாகத் தட்டையான தட்டில் வைத்து, தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க மூக்குக்கு முன்னால் இருக்கும் உணவும் குமட்டலைத்தான் கூட்டும்.

இன்னொன்று: சர்க்கரை நோய்க்கான சிறப்பு உணவைத்தான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது. உணவை ஒரே நாளில் மாற்றியதே மறுப்புக்குக் காரணமாக இருக்கலாம். பழைய உணவைச் சாப்பிடும் என்றால் இப்போதைக்கு அதையே கொடுங்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு அப்புறம் மெதுவாக மாற்றலாம். வெங்காயம், பூண்டு சேர்ந்தவை மட்டும் கூடவே கூடாது, அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பசியைத் தூண்டவென்று ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை எகிறும். பசியூட்டும் மருந்துகள் பூனைகளுக்கு உண்டு. மிர்டாசபைன் அதில் ஒன்று. ஆனால் காப்ரோமோரெலின் போன்றவை சர்க்கரையை ஏற்றக்கூடியவை, ஆகவே எதைக் கொடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கழுத்து வழியே உணவுக் குழாய் வைக்கலாம் என்று அவர் சொன்னால், பூனையைக் கொடுமைப்படுத்துவதாக நினைத்து மறுத்துவிடாதீர்கள். பெரும்பாலான பூனைகள் அதை நன்றாகவே தாங்கிக்கொள்ளும். மருந்தும் உணவும் போராட்டமில்லாமல் உள்ளே போகும், பூனைக்கும் உங்களுக்கும் இடையே இருக்கும் நம்பிக்கையும் கெடாது.

இந்த நிலைமை வருவதற்கு முன்பே, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மூன்று விஷயங்களை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: பாதி சாப்பிட்டால் எவ்வளவு இன்சுலின், எதுவும் சாப்பிடாவிட்டால் என்ன செய்வது, இரவில் யாரைக் கூப்பிடுவது. அவசரமாகக் கிளம்பும் நாளில் இன்சுலின் குப்பி, சிரிஞ்ச், மீட்டர், சர்க்கரை அளவுகள் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, கடைசி ஊசி எத்தனை மணிக்கு, எத்தனை யூனிட் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.