ரிக்கற் போட முதல் வீட்டைப் பாருங்கள்: கொரோனா போன்ற தொற்றுக் காலத்தில் யாழ்ப்பாணம் வருபவர்களுக்கு

2021இல் அம்மாவைப் பார்க்கக் கனடாவில் இருந்து வந்தபோது, மலிவான நாள் கிடைத்ததும் ரிக்கற்றைப் போட்டுவிட்டேன். பிறகுதான் யோசித்தேன்: கொரோனாவுக்காக வந்தவர் வீட்டில் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு குளியலறை, அதுவும் அம்மாவின் அறையோடு ஒட்டி. அந்த விதிகள் இப்போது இல்லை; அப்படியொரு காலம் திரும்ப வந்தால் உதவட்டும். ஆகவே இந்த விளக்கம் பின்னால் இருந்து தொடங்கும். முதலில் வீடு, அப்புறம்தான் பிளேன்.

படி 1: அறை

வெளிப்பக்கம் யன்னல் திறக்கும் அறை வேண்டும். தனி மலசலகூடம் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய வீடுகளில் கோடிப்பக்கம் பாவிக்காமல் ஒன்று கிடக்குமே, அதைத் திருத்துங்கள். நாங்கள் செய்தது அதுதான்: கதவுக்குப் புதுக் கொண்டி, ஒரு பல்ப், ஒரு வாளி. அதற்கும் வழியில்லையா? வயது போனவர்களையும் நீரிழிவுக்காரரையும் இரண்டு கிழமை சித்தி வீட்டில் விடுங்கள். சில வேளை வருபவரைவிட இருப்பவரை நகர்த்துவது லேசு.

நாங்கள் விட்ட பெரிய பிழை ஒன்று. பெட்டிகளுக்கெல்லாம் மருந்தடித்துத் துடைத்தோம்; நுளம்புக்குப் பயந்து யன்னலைப் பூட்டி வைத்தோம். கொரோனா முக்கியமாகப் பரவுவது காற்றில். யன்னலைத் திறந்துவிட்டு, கட்டிலுக்கு நுளம்பு வலையைக் கட்டியிருக்க வேண்டும்.

படி 2: விதானையும் பிஎச்ஐயும்

வருவதற்கு முதலே வீட்டில் உள்ளவர்கள் விதானை (கிராம அலுவலர்), பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இரண்டு பேருக்கும் சொல்லிவைக்கட்டும். இலங்கையின் தனிமைப்படுத்தல் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது; பிளேன் பறக்கத் தொடங்குவதற்கு முந்தியது, கப்பலில் வந்த நோய்களுக்காக எழுதியது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் படலையில் அறிவித்தல் ஒட்டினார்கள். அயலட்டை பார்க்குமே என்று வெட்கப்பட வேண்டாம். வீட்டாரும் வெளியே போக முடியாமல் போகலாம், எனவே அரிசி, மா, தேங்காய், காஸ், அம்மாவின் பிறசர் குளிசை எல்லாம் மூன்று கிழமைக்கு முன்கூட்டியே.

படி 3: ரிக்கற்றும் பிசிஆரும்

பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறந்தது. 2020 மார்ச்சில் தொற்றோடு சேவை நின்றது, சென்னை விமானம் திரும்ப வந்தது 2022 டிசம்பரில். அதுவரைக்கும் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்கா விமான நிலையம்தான் கதி. விதிகளும் மாறிக்கொண்டே இருந்தன: ஒரு கட்டத்தில் முகாம் அல்லது விடுதி, இன்னொரு கட்டத்தில் சில நாள் அங்கே, மிச்சம் வீட்டில். எனவே திகதி மாற்றக்கூடிய ரிக்கற்றாக, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, எடுங்கள்.

பிசிஆர் பரிசோதனை பயணத்துக்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் என்றால் எதில் இருந்து எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் பெயரையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். என்னுடையதில் ஓர் எழுத்து பிழை. கவுண்டரில் முக்கால் மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து நின்றேன்.

படி 4: பிளேனுக்குள்

பறக்கும்போது காற்று ஹெப்பா வடிகட்டி வழியாகச் சுற்றுகிறது, அது நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் நல்ல வடிகட்டிதான். ஆபத்துக் கூடிய இடங்கள் வரிசை, பஸ், ஏறி இறங்கும் நெரிசல். மாஸ்க்கை அங்கே இறக்காதீர்கள். சாப்பாடு வந்தால் பக்கத்து இருக்கைக்காரர் முடித்து மாஸ்க் போட்ட பிறகு உங்கள் பெட்டியைத் திறவுங்கள்.

படி 5: வான்

கட்டுநாயக்காவில் இருந்து யாழ்ப்பாணம் ஏழெட்டு மணித்தியாலம். பிளேனை விட இங்கேதான் கவனம் வேண்டும். "ஏசி போடவா அண்ணை?" என்று சாரதித் தம்பி கேட்டார். வேண்டாம் என்று கண்ணாடிகளை இறக்கச் சொன்னேன். அவருக்கும் எனக்கும் மாஸ்க், நான் கடைசி இருக்கையில். புத்தளம் தாண்டும்போது தலை முழுக்கப் புழுதி, இருந்தாலும் நிம்மதி.

படி 6: அந்த நாட்கள்

அறிகுறி பெரும்பாலும் ஐந்தாறு நாளில் வரும், 14 நாள் வரைக்கும் இழுபடலாம். அதனால்தான் தனிமைப்படுத்தலுக்கு அந்த 14 நாள் கணக்கு. முதலாம் நாள் எது என்று பிஎச்ஐயிடமே கேட்டு எழுதிவையுங்கள்.

சாப்பாட்டுக்கு வாசலில் ஒரு ஸ்டூல். அம்மா புட்டையும் சம்பலையும் வாழையிலையில் சுற்றி வைத்துவிட்டு, அகப்பைக் காம்பால் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவா. அவ விறாந்தைக்குப் போன பிறகுதான் நான் திறப்பேன். இலையில் சாப்பிட்டால் கழுவ வேண்டிய கோப்பையும் இல்லை.

அடக்குவதற்குக் கஷ்டமானது வைரஸ் இல்லை, விருந்தாளி. வெளிநாட்டில் இருந்து பிள்ளை வந்தால் வந்து பார்க்காவிட்டால் குறை என்று நினைக்கிற ஊர் இது. மாமி மூன்றாம் நாளே முருங்கைக்காயோடு படலையில் நின்றா. எல்லாருக்கும் நீங்களே முதலில் போன் எடுத்து, இன்ன திகதிக்குப் பிறகு நானே வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வீட்டாரைக் கொண்டு சொல்வித்தால் மனஸ்தாபம் வரும்.

காய்ச்சல் வந்தால் கொரோனா என்று மட்டும் நினைக்க வேண்டாம். மாரி மழைக் காலத்தில் இங்கே டெங்கும் இருக்கும். பனடோல் (பரசிற்றமோல்) போதும், அஸ்பிரின், இபுபுரோபன் தொட வேண்டாம். பிஎச்ஐக்கு அறிவியுங்கள். இரத்தத்தின் ஒட்சிசன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி 94க்குக் கீழே காட்டினாலோ மூச்சு வாங்கினாலோ 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வெளிநாட்டில் இருந்து வந்தவர், தனிமைப்படுத்தலில் இருக்கிறார் என்பதை அழைக்கும்போதே சொல்லுங்கள்.

படி 7: வெளியே வருதல்

பிஎச்ஐ சொல்லும்வரை அறிவித்தலை நீங்களாகக் கிழிக்க வேண்டாம். விடுவித்ததற்கான கடிதம் தந்தால் படம் எடுத்து வையுங்கள், திரும்பிப் போகும்போது கேட்டாலும் கேட்பார்கள். படுக்கை விரிப்பைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். அப்புறம் முதலில் மாமி வீடு.