‘சா வா’ என்று சொல்லிவிடாதீர்கள்: ரீயூனியனில் பார்க்கிங் அட்டைக்கு விண்ணப்பிக்கும் முறை

என் மாமியாருக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தப் பார்க்கிங் அட்டை இரண்டாவது முயற்சியில்தான் கிடைத்தது. முதல் முறை மறுத்துவிட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதுபோல, அந்த மறுப்பை நாங்களே பேசிப் பேசி வாங்கினோம். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்து இந்தப் பிரெஞ்சுத் தீவில் குடியேறியவர்கள் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் “அந்த மாக்கரோன் எப்படி வாங்கினீங்க?” என்று கேட்கிறார்கள். காரில் ஒட்டும் வில்லை இருந்த காலத்துப் பெயர் இன்னும் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிரெஞ்சுப் படிவம் என்றாலே பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், எந்த அட்டை?

2017 ஜனவரி 1 முதல் இதன் பெயர் ‘கார்த் மொபிலித்தே ஆங்க்ளூசியோன்’. சுருக்கமாக சே-எம்-ஈ. வங்கி அட்டை அளவில் இருக்கும். இதில் மூன்று வகை உண்டு. 80 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு ஒன்று. அதைவிடக் குறைவாக இருந்தாலும் நிற்பதே வேதனை என்கிறவர்களுக்கு, வரிசையில் முன்னுரிமை தரும் அட்டை ஒன்று. மூன்றாவதுதான் ‘ஸ்தாசியோன்மான்’, அதாவது பார்க்கிங் அட்டை. முன்னுரிமை அட்டையை வாங்கிக் கண்ணாடியில் வைத்துவிட்டு அபராதம் கட்டியவரை எனக்குத் தெரியும். ஒரே விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேல் கேட்கலாம் என்பதால் பொருந்துவதை எல்லாம் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

பழைய நீல நிற ஐரோப்பிய அட்டை கையில் இருந்தால் அதில் போட்டிருக்கும் தேதி வரை செல்லும். ஆனால் எப்படிப் பார்த்தாலும் 2026 டிசம்பர் 31-க்கு மேல் செல்லாது.

வீட்டில் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தா யாராவது இருந்து, அவருக்கு ராணுவ ஊனமுற்றோர் பென்ஷன் வந்தால் அவருடைய வழி வேறு. முன்னாள் படைவீரர்களுக்கான ஒனாக்வேஜேயிடம் கேட்க வேண்டும். கீழே நான் சொல்வது மற்றவர்களுக்கு.

யாருக்குக் கிடைக்கும்?

200 மீட்டர் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கக்கூடிய தூரம் அதற்கும் குறைவு என்றால் தகுதி உண்டு. வெளியே போகும்போதெல்லாம் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, செயற்கைக் கால் என்று ஏதோ ஒன்று தேவைப்பட்டாலும் உண்டு. ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறவர்களுக்கும் உண்டு. கால் நன்றாக இருந்தும், ஆள் துணை இல்லாமல் வெளியே விடவே முடியாதவர்களுக்கும் உண்டு. மறதி நோய் முற்றியவர்கள், பார்வை இல்லாதவர்கள், சில மனநிலைக் குறைபாடு உள்ள பிள்ளைகள் எல்லாரும் இதில் வருவார்கள். இந்தக் கடைசி வகையை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ‘கால் நல்லா இருக்கே’ என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்த நிலைமை குறைந்தது ஒரு வருடமாவது நீடிக்கும் என்று தெரிய வேண்டும். கால் முறிந்து மூன்று மாதம் மாவுக்கட்டு என்றால் கிடைக்காது.

விண்ணப்பிக்கும் முன் அளந்து பாருங்கள்

இந்தப் படியை எந்த அலுவலகமும் உங்களுக்குச் சொல்லாது. ஆனால் எங்களுக்கு அட்டை வாங்கிக் கொடுத்தது இதுதான்.

இரண்டாம் முறை விண்ணப்பிக்கும் முன் ஒரு சாயங்காலம் அத்தையை வீட்டு வாசலிலிருந்து சீனர் கடை வரை நடக்கச் சொன்னேன். சேன்ட்-ஆந்த்ரேயில் எங்கள் தெரு கிட்டத்தட்ட சமதரைதான், மேடு கிடையாது. கையில் போன், தூரத்தைக் காட்டும் ஆப். 60 மீட்டரில் நின்றார். செருப்பைச் சரிசெய்வதுபோல குனிந்தார். செருப்பு சரியாகத்தான் இருந்தது. 110 மீட்டரில் பக்கத்து வீட்டுச் செம்பருத்தியைப் பார்த்து “என்னமா பூத்திருக்கு” என்றார். 140-இல் ஒரு மதில் சுவரில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்க நாலு நிமிடம் ஆனது. பதினைந்து வருடமாக அவரோடு நடக்கிறேன். அவர் பூ ரசிப்பதெல்லாம் மூட்டு வலி என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நீங்களும் இப்படி அளந்து, எத்தனை மீட்டர், எத்தனை முறை நின்றார், எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நாளில் ஒரு தடவை, மோசமான நாளில் ஒரு தடவை. கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம்.

மருத்துவச் சான்றிதழ்

சாதாரண லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினால் போதாது. செர்ஃபா (அரசுப் படிவ எண்) 15695 என்ற படிவத்தில்தான் மருத்துவர் நிரப்ப வேண்டும். விண்ணப்பம் கொடுக்கும்போது அந்தச் சான்றிதழுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

இப்போது எங்கள் முதல் கதை. மருத்துவரிடம் போகிறோம் என்று அத்தை காலையிலேயே குளித்து, வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு கிளம்பினார். காத்திருக்கும் அறையிலிருந்து மருத்துவரின் மேசைவரை பத்தடி. அந்தப் பத்தடியை நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே நடந்தார். “எப்படி இருக்கிறீர்கள் மதாம்?” என்று அவர் கேட்டார். “சா வா, தொக்தேர், சா வா.” நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அர்த்தம். எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்றதற்கும் அதே பதில். நானும் பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாதே! நடை தூரம் 500 மீட்டருக்கு மேல் என்று சான்றிதழில் எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியுமா? கேட்டதை எழுதினார்.

நாம் சமாளித்துச் சமாளித்தே வளர்ந்தவர்கள். வலியை வெளியே சொல்வது அழுகுணித்தனம் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தப் படிவம் கேட்பதோ நாம் சமாளித்து மறைக்கிற பகுதியை மட்டும்தான்.

இரண்டாம் முறை அளந்து எழுதிய தாளை மருத்துவரிடம் கொடுத்தேன். குளிக்கும்போது யார் உதவுகிறார்கள், படியேற எவ்வளவு நேரம், இரவில் வலி எழுப்புகிறதா என்பதையும் கூடவே எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தார். “இதை ஏன் நீங்கள் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டார். அத்தை பதில் சொல்லாமல் என்னை முறைத்தார்.

எக்ஸ்ரே, நிபுணர்களின் அறிக்கை இருந்தால் அவற்றின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

படிவம்

செர்ஃபா 15692. தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம், எல்லாப் பக்கத்தையும் நிரப்பத் தேவையில்லை. அட்டை மட்டும் கேட்கிறவர்களுக்கு மூன்று பகுதிதான்: A-யில் பெயர், முகவரி முதலிய விவரங்கள், B-யில் அன்றாட வாழ்க்கை, E-யில் என்ன வேண்டும் என்ற டிக். B பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். சொந்த வார்த்தைகளில் எழுத அங்கே இடம் விட்டிருக்கிறார்கள். “மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன், தூரத்தில் கார் நிறுத்தினால் திரும்பி வர முடிவதில்லை” என்கிற மாதிரி நேராக எழுதுங்கள். பிரெஞ்சு இலக்கணம் பிசகினால் யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை.

கூட வைக்க வேண்டியவை: மருத்துவச் சான்றிதழ், அடையாள அட்டையின் இரண்டு பக்க நகல் (பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவர்கள் தித்ர் த செழூர், அதாவது தங்கும் அனுமதி அட்டை), முகவரிக்குச் சான்று. கையெழுத்துப் போட மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நாங்கள் மறந்தோம்.

எல்லாவற்றையும் எம்-தே-பே-ஆஷுக்கு அனுப்ப வேண்டும். 2005 பிப்ரவரி 11 சட்டத்தின்படி ஒவ்வொரு தெப்பார்த்மானிலும் (மாவட்டம் மாதிரி) ஏற்படுத்தப்பட்ட மாற்றுத்திறனாளிகள் அலுவலகம் அது. நேரில் கொடுத்தால் ரசீது, தபால் என்றால் ஒப்புகைச் சீட்டு கட்டாயம் வாங்குங்கள். முழுத் தொகுப்புக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

60 வயதைத் தாண்டிய பெரியவருக்கு ஆப்பா என்ற, பிறர் துணை தேவைப்படும் முதியோருக்கான உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த அட்டையையும் அதோடு சேர்த்தே கேட்கலாம். ஜீர் 1 அல்லது 2, அதாவது பிறர் துணை மிக அதிகமாகத் தேவைப்படும் நிலை என்று மதிப்பிட்டால் பார்க்கிங் அட்டை ஆயுளுக்கும் வந்துவிடும்.

காத்திருப்பு, மறுப்பு

நான்கு மாதம் பதிலே வராவிட்டால் மறுத்ததாக அர்த்தம். விசித்திரம்தான், ஆனால் சட்டம் அப்படி. மறுப்புக் கடிதம் வந்தால் இரண்டு மாதத்துக்குள் தெப்பார்த்மான் தலைவருக்கு மறுபரிசீலனை கேட்டு எழுத வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் சேன்-தெனியில் உள்ள நிர்வாக நீதிமன்றம். எங்கள் சான்றிதழே தப்பாக இருந்ததால் சண்டை போடாமல் புதிதாகவே விண்ணப்பித்தோம்.

சம்மதித்தால் கடிதம் வரும். அதில் சொல்லியபடி ஒரு ஃபோட்டோவை இணையத்தில் ஏற்றலாம், தபாலிலும் அனுப்பலாம். அட்டையை அச்சிடுவது பிரான்சின் தேசிய அச்சகம். அது தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். கட்டணம் கிடையாது. தொலைத்தால் மறு பிரதிக்கு 9 யூரோ.

கையில் வந்த பிறகு

அட்டை ஆளுக்குரியது, காருக்கு அல்ல. அத்தை என் காரில் வந்தாலும் செல்லும், மைத்துனர் காரில் போனாலும் செல்லும். அத்தையை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் காய் வாங்கப் போனால் செல்லாது. அப்படிப் பயன்படுத்தினால் 1500 யூரோ வரை அபராதம் போகலாம். முன் கண்ணாடிக்குப் பின்னால் நன்றாகத் தெரியும்படி வைத்தால் போதும்.

2015 மார்ச் 18 சட்டத்துக்குப் பிறகு, சாலையோரக் கட்டண இடங்களில் சக்கர நாற்காலி போட்ட நீலச் சின்னம் இல்லாத சாதாரண இடமாக இருந்தாலும் அட்டை உள்ளவர்களுக்கு இலவசம். நேர வரம்பு வைத்தாலும் 12 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தடுப்புக் கம்பி தூக்கி உள்ளே விடும் பார்க்கிங்குகளில் மட்டும் பணம் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இந்த அட்டை செல்லும்.

ஒதுக்கிய இடம் ஏன் 3.30 மீட்டர் அகலம் என்று என் பையன் கேட்டான். கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியைப் போட்டு, அதில் நகர்ந்து உட்கார அவ்வளவு வேண்டும். சரிவும் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மலைச்சரிவில் இருக்கும் லா மோந்தாஞ்ஞில் குடியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

பார்வைகளைச் சமாளிப்பது

இதற்குப் படிவம் கிடையாது.

அட்டை வந்த இரண்டாம் வாரம் ஒரு பெரிய கடைக்குப் போனோம். அத்தை காரிலிருந்து இறங்கி, தலையைக் கோதிக்கொண்டு நடந்தார். முதல் ஐம்பது மீட்டர் அவர் யாரைப் போலவும் நடப்பார். தள்ளுவண்டியோடு நின்ற ஒரு பெண் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் தன் மகளிடம் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது: “நன்றாகத்தானே நடக்கிறாள், இவளுக்கு எதற்கு அந்த இடம்?” நான் திரும்பப் போனேன். அத்தை கையைப் பிடித்து இழுத்தார்.

அடுத்த சில வாரம் பார்க்கிங்கில் இறங்கியதும் அவர் காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார். எனக்கு முதலில் பகீரென்றது. பிறகு கவனித்தேன். “அத்தை, உங்களுக்கு ரொம்ப வலிக்கிறது வலது முட்டிதானே?” “ஆமாம், அதுக்கென்ன?” “நீங்க இழுக்கிறது இடது கால்.” நின்றார். இருவரும் கார் மேல் சாய்ந்து சிரித்தோம். மருத்துவர் முன்னால் நொண்டாதவர், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நொண்டிக் காட்டியிருக்கிறார்.

உங்களுக்கும் இது நடக்கும். யாராவது கேட்டால் நோயைப் பற்றி விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. “அட்டை கண்ணாடியில் இருக்கிறது, பாருங்கள்” என்பது போதும். சரிபார்க்கும் உரிமை போலீசுக்கும் அதற்கென்று அதிகாரம் பெற்ற ஊழியர்களுக்கும்தான். ஒருவர் கத்தினால் காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. சனிக்கிழமை காலை சேன்-போல் சந்தையில் ஒதுக்கிய இடத்தில் அட்டை இல்லாத கார் நின்றால், “ஒரு தி மொமான்தான் மதாம்” என்று ஓட்டியவர் ஓடி வருவார். அந்த ஒரு நிமிடத்துக்கு 135 யூரோ அபராதம் உண்டு, வண்டியை இழுத்துக்கொண்டும் போகலாம். ஓடி வந்து நகர்த்துகிறவரை நான் விட்டுவிடுவேன். சிரித்துக்கொண்டே நிற்கிறவருக்குத்தான் போலீஸ் முனிசிபாலை, அதாவது நகராட்சிப் போலீசைக் கூப்பிடுவேன்.

சில கடை வாசல்களில் ‘என் இடத்தை எடுத்தால் என் ஊனத்தையும் எடுத்துக்கொள்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். எனக்கு மட்டும் அது சாபம் கொடுப்பதுபோலவே படுகிறது. அத்தையின் முட்டியை யாருக்கும் சாபமாக அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

நம் ஆட்களும் விதிவிலக்கல்ல. தைப்பூசத்தன்று ஒரு கோயிலில் நீலச் சின்னம் போட்ட இடத்தில் சமையல் அண்டாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். “எல்லாம் சாமி காரியம்தானே” என்றார் ஒருவர். அத்தை காரை விட்டு இறங்கவில்லை. “அப்போ சாமி வந்து என்னைத் தூக்கிட்டுப் போகட்டும்” என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் அண்டாக்கள் நகர்ந்தன.

கடைசியாக, தேதி

ஆயுள் அட்டை இல்லையென்றால் அதில் காலாவதி தேதி இருக்கும். தானாகப் புதுப்பித்துத் தர மாட்டார்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால் வரும் ஒரு நாளைக் காலண்டரில் குறித்து, அன்றைக்கே திரும்ப விண்ணப்பம் போடுங்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் குறித்தாயிற்று. அன்றைக்குப் பச்சைப் பட்டு கிடையாது, பூ கிடையாது, முக்கியமாக ‘சா வா’ கிடையாது என்று அத்தையிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

“பூ வச்சுக்குவேன்” என்றார்.